சக்களத்தியின் விலை

ஜூன் 11, செவ்வாய்

பிரஷர் 140/90. டாக்டர் இந்த நோட்டில் அதை மட்டும்தான் எழுதச் சொன்னார். அவரிடம் காட்டும்போது மற்றதைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேர்தல் முடிந்து சக்களத்தி வீடு வந்து சேர்ந்துவிட்டாள். ஓட்டுக் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கம். மார்ச்சில் கொடுத்ததை இன்று போய் வாங்கி வந்தோம். மொத்தம் இரண்டு. ஒன்று இவர் ரைஃபிள் கிளப் போட்டிகளுக்கு வைத்திருந்தது. இன்னொன்றுதான் சக்களத்தி. இரண்டுமே பாயிண்ட் டூ டூ. சுண்டுவிரல் நுனியை விடச் சின்னதான தோட்டா போடுகிற ரகம்.

சக்களத்திக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும். வால்பாறையிலிருந்து சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் என் மாமனார் வாங்கியது. முன்கட்டையை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா தானாக ஏறும். தோட்டாக்கள் பேரலுக்கு அடியில் ஒரு குழாய்க்குள் வரிசையாகப் படுத்திருக்கும், வெளியே தெரியாது. கல்யாணமான புதிதில் இதையெல்லாம் எனக்குக் காட்டிக்கொடுத்தார். புதுப்பெண்டாட்டியை அப்படி ஒருத்தர் வர்ணித்து நான் கேட்டதில்லை. இரும்பில் அந்தக் காலத்து நீலம் அப்படியே இருக்கிறதாம், வால்நட் கட்டையில் யாரும் வார்னிஷ் பூசிக் கெடுக்கவில்லையாம். நானும் பக்கத்தில்தான் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் ரைட்டர், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அப்படியும் இவர் போட்டது கோட்டுக்கு வெளியேதான் விழுந்தது. கண் நரம்பில் அழுத்தம். வலது கண் போன வருடமே போய்விட்டது, இடதும் அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. மாநிலப் போட்டியில் மெடல் வாங்கிய மனிதர். வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

துப்பாக்கிகள் ஸ்டேஷனில் இருந்த மாதங்களில் நன்றாகத் தூங்கினேன். வெயில் காலத்தில் எனக்கு எப்போதுமே நல்ல தூக்கம் வரும்.

ஜூன் 13, வியாழன்

தம்பி மகன் பிரசன்னா பொள்ளாச்சிக்கு வந்தவன் தோட்டத்துக்கும் வந்தான். முப்பது வயது ஆள், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சக்களத்தியைக் கையில் எடுத்துச் சுவரைக் குறிபார்த்து, விசையில் விரல் வைத்தான். இவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

“வெறும் விசைய இழுக்காதடா! பையன் மாதிரியா நடந்துக்கற?”

பிறகு அவனை உட்காரவைத்து அரைமணி நேரம் பாடம். பெரிய தோட்டாவை ஊசி நடுவில் குத்தும். இந்தச் சின்னத் தோட்டாவை விளிம்பில்தான் அடிக்கும். உள்ளே தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் ஊசி நேராகப் பேரலின் பின்வாயில், தோட்டா உட்காரும் விளிம்பில் போய் இடிக்கும். இரும்பில் பள்ளம் விழுந்துவிடும். ஒரே இடி போதும், பழைய துப்பாக்கிக்கு விலை போச்சு. வாங்க வருகிறவன் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். ஐம்பது வருடத்தில் தன் கையால் ஒரு தடவைகூட வெறும் விசை இழுத்ததில்லை என்றார்.

ஆறு மாதத்தில் இவர் இவ்வளவு பேசி இன்றுதான் கேட்டேன். பிரசன்னாவுக்கு இன்னொரு இட்லி வைத்தேன்.

ஜூன் 17, திங்கள்

எங்கள் வீட்டுத் தலைவருக்குத் திடீரென்று பொறுப்பு வந்துவிட்டது. காலையில் என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய் ஸ்டார்ட்டர் போடக் கற்றுக்கொடுத்தார். நாற்பது வருடமாகத் தெரியாத வித்தை இப்போது எதற்கு என்று கேட்டேன். தெரிஞ்சு வெச்சுக்க என்றார். பட்டா எங்கே, எல்ஐசி பத்திரம் எங்கே, தேங்காய் வியாபாரி எந்த மாதம் எவ்வளவு ஏமாற்றுவான், எல்லாம் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி டிராக்டர் ஓட்டும் மாரப்பனிடம் கொடுத்துவிட்டார். கண்ணு தெரியாதவனுக்கு மணி எதுக்கு என்று சிரித்தார். மாரப்பன் வாங்கமாட்டேன் என்று என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

துப்பாக்கிகளுக்கு விலை போட கோயம்புத்தூரிலிருந்து ஷம்சு பாயை வரச் சொல்லியிருக்கிறாராம். துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் கிளப்பில் இவரோடு போட்டி போட்டுத் தோற்றவர், அதனால் நண்பர்.

டொராண்டோவில் இருக்கும் மகள் நிர்மலாவுக்குப் போன் போட்டேன். அப்பா எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது நல்லதுதானே என்றாள். நல்லதுதான் என்றேன்.

ஜூன் 19, புதன்

அலமாரியைத் தூசி தட்டினேன். சக்களத்தியைத் தூக்கியபோது உள்ளே மெல்ல ஏதோ நகர்ந்த சத்தம் கேட்டது.

வீட்டுக்குள் தோட்டா போட்ட துப்பாக்கி நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே இவர்தான். தோட்டாக்களைத் தனியாக இரும்புப் பெட்டியில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அப்படியிருக்கக் குழாய் நிறைய தோட்டா. இவர் வெளியே கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். புதுப்பெண்ணாக இருந்தபோது கற்றுக்கொடுத்தது கை மறக்கவில்லை. குழாயைத் திருகி உருவி மடியில் கொட்டிக்கொண்டேன். ஏற்கனவே ஒன்று உள்ளே ஏறியிருக்கிறதா என்று முன்கட்டையையும் இழுத்துப் பார்த்தேன், இல்லை. திரும்ப இருந்தபடியே நிறுத்திவைத்தேன்.

பேரன் வந்தால் ஆபத்து, அதனால்தான். அவன் டிசம்பரில் வருகிறான்.

தோட்டாக்களைச் சாமி ரூமில் பிள்ளையாருக்குப் பின்னால் குங்கும டப்பாவில் போட்டேன். இவர் காலேஜ் காலத்தில் கறுப்புச் சட்டை போட்டவர். கல்யாணமானதிலிருந்து அந்த ரூம் வாசலை மிதித்ததில்லை. பிள்ளையாரப்பா, நீ பார்த்துக்கொள்.

ஜூன் 20, வியாழன்

160/100. ஊறுகாயை நிறுத்த வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

உடுமலையில் கல்யாணம். மாமன் வீட்டு முறை, போகாமல் தீராது. இவர் வரவில்லை என்றார். கூட்டத்தில் யார் வணக்கம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க முடியாதாம். மாரப்பனை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனேன். இவர் அவனை உரம் வாங்க அனுப்பியிருக்கிறார். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அவன் போன் செய்து சொன்னான். இலையை மூடிவிட்டு எழுந்தேன். பாயசம்கூட வைக்கவில்லை, அதற்குள் எழுந்துவிட்டாள் என்று சம்பந்தி வீட்டில் பேசிக்கொள்வார்கள், பேசட்டும்.

வரும் வழியெல்லாம் பஸ் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் போலத் தோன்றியது. தோட்டாக்கள் என்னிடம் இருக்கின்றன, குழாய் காலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

இவர் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. நான் கூப்பிட்டேன், நிமிரவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

“வந்துட்டியா சாரதா,” என்றார்.

இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இந்தா’தான் என் பெயர். சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். மூடிவைத்த சோறு அப்படியே இருந்தது. ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன், சின்னப் பிள்ளை மாதிரி முழுவதும் சாப்பிட்டார். கையில் துப்பாக்கி எண்ணெய் வாசனை. துடைத்துக்கொண்டிருந்தேன் என்றார். நான் கேட்கவே இல்லை.

சக்களத்தி அலமாரியில் இருந்தாள். இரும்புப் பெட்டி திறந்திருந்தது, காலி. ஆக மிச்சமே இல்லை, இருந்ததெல்லாம் என்னிடம்தான். உட்கார்ந்து அழுதேன். வெயிலில் வந்ததால் தலைவலி.

ஜூன் 26, புதன்

குளித்துவிட்டுச் சாமி ரூமுக்குள் போனேன். விளக்கு இடம் மாறியிருந்தது. மணி கவிழ்ந்து கிடந்தது. கோலத்தில் கால் பட்டு அழிந்திருந்தது, பெரிய கால்.

குங்கும டப்பா பிள்ளையாருக்குப் பின்னால் அப்படியே இருந்தது. முன்னால் இருந்த விபூதிக் கிண்ணம் சாய்ந்து, தரையெல்லாம் விரல் தடவிய கோடு. நன்றாகக் கண் தெரிந்திருந்தால் எடுத்திருப்பார்.

தேடுகிறார். நான்தான் எடுத்தேன் என்று தெரிந்துதான் தேடுகிறார். ஆனால் கேட்கவில்லை. காலையில் காப்பி நன்றாக இருக்கிறது என்றார். நானும் கேட்கவில்லை. வாசலில் இவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோது டப்பாவோடு கொல்லைப்புறம் போய்க் கிணற்றில் கொட்டினேன். விழுந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தேன், ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

எழுத்து எனக்கே புரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இவர் போனில் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஷம்சு பாய் திங்கட்கிழமை வருகிறார். வரும்போது தோட்டா ஒரு பெட்டி கொண்டுவா, சுட்டுப் பார்த்தால்தானே சரியான விலை போட முடியும், லைசென்ஸில் பதிந்துகொள் என்கிறார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. வியாபாரம் பேசுகிற குரல்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதுவரை அந்த வார்த்தையை எழுதாமல் தப்பித்துவந்தேன். பயமாக இருக்கிறது. பாத்ரூம் கதவு சாத்தினால் பயம், சத்தமில்லாமல் இருந்தால் பயம், இவர் என்னிடம் அன்பாகப் பேசினால் எல்லாவற்றையும்விடப் பயம்.

ஷம்சு பாய் நம்பரைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? அவர் எதிரில் இவர் தலை நிமிர்ந்து நின்ற ஆள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் இவர் என் முகத்திலேயே விழிக்கமாட்டார். நிர்மலாவுக்குப் போட்டேன். மழை பெய்கிறதா என்று கேட்டாள். சாரல்தான் என்றேன். ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். சளி என்றேன். என்னை எதால் அடிப்பது?

ஜூலை 1, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷம்சு பாய் பத்தரைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, பேச்சு அதே கலகலப்பு. பையிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பெட்டியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. டம்ளரை வைக்கிற சாக்கில் அதைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினேன்.

கிளப் துப்பாக்கிக்குச் சீக்கிரமே விலை சொல்லிவிட்டார். நல்ல பொருள்தான், ஆனால் வாங்க ஆள் குறைவு. சக்களத்தியைக் கையில் வாங்கியதும் பேச்சு நின்றது. முதலில் வெறுமனே மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டினார். பிடிக்கிற இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அது நேர்மையான தேய்மானமாம், அதற்கு விலை குறையாதாம். திருகாணித் தலைகளைப் பார்த்தார். ஒன்றில்கூட ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிய கீறல் இல்லை, கண்டவன் கைபடாத பொருள் என்றார். கட்டையில் இருந்த நம்பரும் இரும்பில் இருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. அண்ணா, இந்த மாதிரி ஒண்ணு நான் கடை வைத்த நாளிலிருந்து பார்த்ததில்லை என்றார். இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எவ்வளவு நாள் கழித்து அந்தச் சிரிப்பு!

பிறகு பேனா மாதிரி ஒரு டார்ச்சை எடுத்துப் பேரலின் பின்வாய்க்குள் அடித்தார்.

கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“அண்ணா, இது யார் வேலைங்க?”

இவர் வேட்டி நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

விளிம்பில் ஒரு இடி இருக்கிறது என்றார் ஷம்சு பாய். புதுசு. பழைய தழும்பாக இருந்தால் கறுத்திருக்கும், இது பளபளவென்று இருக்கிறது, ஒரு மாதத்துக்குள்தான். வெறும் விசை இழுத்திருக்கிறார்கள். யாராவது சொந்தக்காரப் பையன் வந்து தொட்டானா என்று கேட்டார்.

பிரசன்னா வந்தானே என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அவன் இழுப்பதற்குள் இவர் பிடுங்கியதை நானே பார்த்தேன், இருந்தும் வந்தது. அவன் மேல் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். இவர் தலையசைத்தால் போதும்.

ஷம்சு பாய் தனக்குத்தானே பேசுவது போலத் தொடர்ந்தார். “ஆனா ஒரே ஒரு அடிதான் இருக்குது. விளையாட்டுக்கு இழுக்கறவன் ஒண்ணோட விடமாட்டான். உள்ள தோட்டா இருக்குதுன்னு நெனச்சு இழுத்தாத்தான் இப்படி...”

அங்கேயே நிறுத்திவிட்டார். டார்ச் எரிந்துகொண்டே இருந்தது.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்தது. மோட்டார் ரூம் படி, நனைந்த சட்டை. நான் பஸ்ஸில் உட்கார்ந்து நடந்துவிடுமோ என்று நடுங்கியது ஏற்கனவே நடந்து முடிந்திருக்கிறது. இவர் இழுத்துவிட்டார். மனம் மாறவில்லை, பயந்து வைத்துவிடவில்லை, இழுத்தேவிட்டார். ரசம் ஊற்றிப் பிசைந்து நான் கொடுத்தது அதற்குப் பிறகு.

“பையன் தொடல,” என்றார் இவர். “நான்தான்.”

எத்தனையோ விஷயத்தில் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார், துப்பாக்கி விஷயத்தில் மட்டும் இவருக்குப் பொய் வராது.

ஷம்சு பாய் சக்களத்தியை மெல்ல மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தோட்டாப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

“ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருங்க பாய். இன்னைக்கே,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன்.

கடையில் பாதுகாப்புக்கு வைக்க லைசென்ஸில் வழி இருக்கிறது, ரசீது எழுதித் தருகிறேன் என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இவர் விரலைப் பிடித்து வைத்தேன். போட்டார். உறையில் போட்டு இரண்டையும் நானே காருக்குச் சுமந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் போகச் சொன்ன சக்களத்தி. கார் கதவைச் சாத்தும்போது அழுகை வந்தது, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

ஷம்சு பாய் திரும்பிப்போய் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “வெல இன்னொரு நாள் பேசிக்கலாம் அண்ணா. நான் வாராவாரம் வர்றேன். வரவேண்டாம்னு சொன்னாலும் வருவேன்,” என்றார்.

கார் போன பிறகு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருப்பதில் ஒன்றும் மிச்சமில்லை.

“நான்தானுங்க எடுத்தேன்.”

“தெரியும். இழுத்து சத்தம் வராதப்பவே தெரிஞ்சுது.”

“ஏனுங்க என்னக் கேக்கல?”

“கேட்டா, எதுக்குத் தேடறேன்னு நான் சொல்லோணுமில்ல.” என் பக்கம் திரும்பி, “நீ ஏன் கேக்கல?” என்றார்.

கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்றுதான் கேட்கவில்லை என்றேன். நிர்மலாவுக்குப் போன் போட்டேன். அங்கே நடு இரவு. இந்தத் தடவை மழையைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

170/100. மாத்திரையை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்வார். இன்று இவருக்குத்தான் டாக்டர். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக ஷம்சு பாய் தன் காரை அனுப்பினார். மனநல டாக்டர், சின்ன வயதுப் பெண். இவரை ஒரு மணி நேரம் பேசவிட்டாள். வெளியே வந்தவர், கண் போச்சு போச்சு என்று நாலு தடவை சொல்லவைத்துவிட்டாள் என்று சலித்துக்கொண்டார். என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

தனியாக விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைத் தாலியில் கோத்துக்கொண்டேன். பூச்சிமருந்து டின்களை மாரப்பன் எடுத்துப்போய்விட்டான். கிணற்றைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் இவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்குக் கண் தெரியாத மாதிரி இவர் என்னைக் கூட்டிப்போகிறார்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

நிர்மலா வந்துவிட்டாள். மாரப்பன் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

ஜூலை 14, ஞாயிறு

150/90.

மதியம் இவர் சாமி ரூம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, கொள்கை திரும்பி வந்துவிட்டது. எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். பிள்ளையாருக்குப் பின்னால் என்றேன். அங்கேயும் தடவிப் பார்த்தேனே என்றார். பார்த்தீர்கள், விபூதிக் கிண்ணம்தான் கையில் பட்டது என்றேன். இப்போது எங்கே என்றார். கிணற்றில் என்றேன். உள்ளுக்குள் ஏதோ குலுங்குவது போலச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு இன்னும் அதற்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் ஷம்சு பாய் போன் செய்தார். இந்த வாரம் இரண்டாவது தடவை. அந்த இடியைச் சரிசெய்கிற கருவி வைத்திருக்கும் ஒரு ஆளைப் பிடித்துவிட்டாராம். இரும்பை உள்ளிருந்து நீவிவிட்டால் தழும்பு தெரியாது, விலை பழையபடி வந்துவிடும், செய்யட்டுமா என்று அண்ணனிடம் கேளுங்கள் என்றார். போனைக் கையால் மூடிக்கொண்டு இவரிடம் கேட்டேன்.

ஒரு கீறலுக்கு வீட்டையே இரண்டாக்குகிற மனிதர். யோசித்தார்.

“அப்படியே வெச்சா எவ்வளவு கொறையுமாம்?”

பாயிடம் கேட்டுச் சொன்னேன். “மூணுல ஒரு பங்குங்க.”

“கொறையட்டும்,” என்றார். “அதத் தொடவேண்டாம்னு சொல்லு.”

ஷம்சு பாயிடம் சொன்னேன். அவர் சரி என்று மட்டும் சொன்னார், ஏன் என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு வந்தால் இவர் காற்றில் கையைத் துழாவிக்கொண்டிருந்தார். டம்ளரைத் தேடுகிறார் என்று நினைத்துக் காப்பியை நீட்டினேன். அதை ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.